காண்பதும் கற்பதும்

தறியருகே நின்று ஒரு திங்கள் முழுவதும் பார்த்துக் கொண்டிருந்தாலும் ஒருவன் நெசவாளியாகிவிட மாட்டான். நாடா செல்லும் வழியை அவன் கண் அறியும். மிதி மாறும் ஒழுங்கைக்கூட அவன் வாயால் சொல்லிவிடக் கூடும். ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால், அதனை முடிந்து, விழுதிலும் அச்சிலும் உரிய இடத்தில் கோத்துச் சேர்க்க அவன் விரல்கள் அறியா. பலமுறை தவறிச் செய்து, அருகிலிருக்கும் மூத்தவரால் திருத்தப் பெற்ற பின்னரே அவ்வித்தை கைவரும். திராட்சைப் பந்தலில் கவாத்துச் செய்வதும் அத்தகையதே. எந்தக் கிளையில் எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பதைக் கத்திரியைக் கையில் பிடித்தவனே கற்கிறான்.

நம் அங்கத்தினர் அனைவரும் அனுபவத்தில் அறிந்த இவ்வுண்மையை நம் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் மட்டும் நாம் மறந்து வருகிறோம். பையன் கைபேசியில் பாடம் பார்த்துக் கொண்டிருந்தால், அவன் படித்துக் கொண்டிருக்கிறான் என்று எண்ணி மனநிறைவு கொள்கிறோம். அல்லது, கைபேசியினாலேயே படிப்புக் கெட்டது என்று சினந்து, அதனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். இவ்விரண்டும் பொருந்தா. வாட்ஸப், யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் முதலிய சமூக ஊடகங்கள் மாணவர் கற்கும் முறையை எவ்வாறு மாற்றியுள்ளன, அம்மாற்றத்தில் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது, இதில் கூட்டுறவாளராகிய நமக்குள்ள கடமை யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

மாற்றம் வந்த வழி

யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், வாட்ஸப் 2009-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் தோன்றியவை. எனினும் அவை நம் சிற்றூர்களில் வேரூன்றியது, 2016-ஆம் ஆண்டிற்குப் பின் கைபேசி வழி இணையம் மலிந்த காலத்தில்தான். 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் சதுர வடிவக் குறியீடுகள் அச்சிடப் பெற்றன. கைபேசியை அவற்றின் நேரே காட்டினால் பாடத்தை விளக்கும் படங்கள் திரையில் தோன்றும். 2019 ஆகஸ்டுத் திங்களில் அரசின் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப் பெற்றது. அதுவரை இவை யாவும் வகுப்பறைக்குத் துணையாக நின்றவையே.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் பரவியதால் பள்ளிகள் மூடப்பட்டன. துணைக்கு வந்தது அப்போது தனியே நின்று பள்ளியின் வேலை முழுவதையும் சுமக்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் பாடத்தை எழுதிப் படமெடுத்து வாட்ஸப் குழுவிற்கு அனுப்பினார். மாணவர் குறிப்பேட்டில் எழுதிய விடையைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினர். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்பினர் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் வகுப்பறையில் அடி வைத்தனர். அந்தப் பத்தொன்பது திங்களில் ஏற்பட்ட பழக்கம், பள்ளிகள் திறந்த பின்னும் மறையவில்லை. வீட்டுப் பாடம் இன்றும் குழுவில் வருகிறது. ஐயம் எழுந்தால் முதலில் நாடுவது இன்றும் கைபேசியையே.

விளைந்த நன்மைகள்

குறை கூறுமுன் நன்மையை ஒப்புக்கொள்வது முறை. மேகமலைச் சரிவிலுள்ள ஒரு சிற்றூரின் மாணவி, பெரு நகரத்தில் சிறந்த ஆசிரியர் ஒருவர் நடத்தும் வேதியியல் பாடத்தை இன்று தமிழிலேயே கேட்க இயலும். சோதனைச் சாலையில் மட்டும் காணத் தக்க நிகழ்ச்சிகளை அவள் திண்ணையிலிருந்தே காணலாம். வகுப்பில் எழுந்து கேட்கக் கூசும் பிள்ளை, விளங்காத பகுதியை நான்கு முறை திருப்பிக் கேட்டாலும் சினந்து கொள்வார் யாருமில்லை. தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட வகையற்ற வீட்டுப் பிள்ளைகள், அரசுத் தேர்வுகளுக்கு வேண்டிய பாடங்களைச் செலவின்றிப் பெறுகின்றனர். பாடப் புத்தகம் ஒன்றே கதி என்றிருந்த தலைமுறைக்குக் கிட்டாத பேறு இது. இதனைப் பிள்ளைகளிடமிருந்து முற்றிலும் பறிப்பது, நூலகத்தை இழுத்து மூடுவதற்கு ஒப்பாகும்.

கண்டதெல்லாம் கற்றதாகுமா?

ஆயினும், படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஓர் ஏமாற்றமும் அதனுள் மறைந்திருக்கிறது. சிகாகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓப்ரையன் என்னும் இருவர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. சிறு அம்பினைப் பலகையில் எறிந்து குறி தைக்கும் ஒரு படத்தைச் சிலருக்கு ஒரு முறையும், வேறு சிலருக்கு இருபது முறையும் காட்டினர். இருபது முறை கண்டவர்கள் தாங்கள் நன்றாக எறிவோம் என்று மிகுதியாக நம்பினர். எறியச் சொன்ன போதோ, ஒரு முறை கண்டவர்களை விட அவர்கள் சிறிதும் மேம்படவில்லை. கட்டைகளை வானில் மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையைக் கண்டவர்களிடம், அக்கட்டைகளைச் சற்றே கையில் கொடுத்துப் பார்த்தனர். அதன் கனத்தைக் கை உணர்ந்த மாத்திரத்தில், மிகையாக எழுந்த அந்நம்பிக்கை தணிந்தது. பார்க்கப் பார்க்க வளர்ந்தது திறமையன்று, திறமை வந்துவிட்டது என்ற எண்ணமே.

ஏட்டுப் படிப்பிற்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இரு அறிஞர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவர்கள் ஓர் உரைப் பகுதியைக் கற்றனர். ஒரு சாரார் அதனைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் ஏட்டை மூடிவிட்டு, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்த போது, திரும்பப் படித்தவர்களே முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்த போதோ நிலைமை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர்களின் நெஞ்சிலேயே பாடம் தங்கியிருந்தது. பாடத்தை மூடி வைத்து, நினைவைத் துழாவி, தடுமாறி வெளிக்கொணரும் முயற்சியே கல்வியை வேரூன்றச் செய்கிறது. அம்முயற்சி கடினமாக இருப்பதால் பிள்ளைகள் அதனை விரும்புவதில்லை. அடுத்த படத்தைத் தொட்டுத் திறப்பது எளிதாக இருக்கும் போது, யாரும் வற்புறுத்தாமல் அவர்கள் அதனைச் செய்வது அரிது.

வாட்ஸப் குழுக்களிலும் இவ்வாறே நேருகிறது. கணக்கு ஒன்றை ஒரு மாணவன் முயன்று தீர்த்துப் படமெடுத்து அனுப்புகிறான். சிறிது நேரத்தில் முப்பது குறிப்பேடுகளில் அதே விடை, அதே பிழையுடன் ஏறிவிடுகிறது. அக்கணக்கைக் கற்றவன் ஒருவனே. ஏனையோர் எழுத்தர் வேலை செய்தவர்கள்.

இலவசத்தின் விலை

இவ்வூடகங்கள் காசு கேட்பதில்லையே என்று நாம் எண்ணலாம். காய்கறியையும் வாழைத்தாரையும் மண்டிக்குக் கொண்டு செல்பவர்கள் தரகின் தன்மையை நன்கறிவார்கள். விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று தமக்குரியதை எடுத்துக் கொள்வது தரகு. சமூக ஊடக நிறுவனங்களும் ஒரு வகைத் தரகர்களே. நாம் திரையைப் பார்க்கும் நேரத்தை அவை திரட்டி, விளம்பரம் செய்வோருக்கு விற்கின்றன. ஆகவே நாம் நீண்ட நேரம் பார்த்துக் கொண்டிருப்பதே அவற்றின் வருவாய். யூடியூப் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில், எத்தனை பேர் ஒரு படத்தைத் திறந்தனர் என்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கே முதன்மை தந்து, அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் முறையைக் கொண்டது.

இதன் விளைவு யாதெனில், ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தைத் திறந்த மாணவனுக்கு, பாடம் முடியுமுன்பே பக்கத்தில் திரைப்படப் பாட்டும் கிரிக்கெட்டும் வந்து நிற்கின்றன. அவனுடைய மனவுறுதி ஒரு புறம். அம்மனவுறுதியைத் தளர்த்துவதையே தொழிலாகக் கொண்ட பெரு நிறுவனத்தின் இயந்திர அறிவு மறு புறம். பதினான்கு வயதுப் பிள்ளையை இப்போட்டியில் தனியே நிறுத்திவிட்டு, அவன் தோற்றதற்காக அவனைக் கடிந்து கொள்வது நியாயமாகாது.

நாட்டுப்புறப் பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்து வரும் ஏசர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியச் சிற்றூர்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 82 பேர் திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்கள் என்கிறது. அவ்வாறு தெரிந்தவர்களுள், முந்திய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதனைப் பயன்படுத்தியோர் 100-க்கு 57 பேர். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியோர் 76 பேர். கருவி ஒன்றே, அது இழுத்துச் செல்லும் திசை எது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

உலக நாடுகளும் இதனைக் குறித்துக் கவலை கொண்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பாகிய யுனெஸ்கோ, 2023-ஆம் ஆண்டு அறிக்கையில், கற்றலுக்குத் தெளிவாக உதவும் இடத்தில் மட்டுமே பள்ளியில் கைபேசிக்கு இடந்தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆஸ்திரேலிய நாட்டில், 16 வயது நிரம்பாதவர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டம் செய்வது அரசின் பொறுப்பு. வீட்டிலும் ஊரிலும் செய்ய வேண்டியது நம் பொறுப்பு.

ஒரு வீட்டில் ஒரு கைபேசி

நம் மாவட்டத்தில் இப்பிரச்சினைக்கு வேறொரு முகமும் உண்டு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன்பே ஜீப்பு வண்டிகளில் ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. வீட்டில் இருப்பது ஒரு கைபேசி என்றால், அது பெற்றோருடன் மலையேறிவிடுகிறது. அவர்கள் திரும்புவது பொழுது சாயும் வேளையில். அதன் பின்னரே பகலில் குழுவிற்கு வந்த பாடத்தைப் பிள்ளைகள் காண இயலும். அண்ணன், தங்கை இருவரும் படிக்கும் வீட்டில் அக்கைபேசி முதலில் யார் கைக்குச் செல்கிறது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, சுப்புலாபுரம் பகுதி நெசவாளர் இல்லங்களில், பெண் பிள்ளைகள் தார் சுற்றும் வேலையையும் அடுக்களை வேலையையும் முடித்த பின்பே ஏட்டைத் தொடுவதும் உண்டு. மேற்கூறிய 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கைபேசியைக் கையாளத் தெரிந்த ஆண் பிள்ளைகளுள் 100-க்கு 36 பேரும், பெண் பிள்ளைகளுள் 27 பேருமே சொந்தக் கைபேசி உடையவர்கள். கல்வி கைபேசிக்குள் சென்றுவிட்டால், கைபேசி எட்டாத கைக்குக் கல்வியும் எட்டாது போகும். இதில் முதலில் பின்தங்குபவள் பெண்ணே.

நேரில் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாத காலத்தில் நேர்ந்த இழப்பையும் எண்கள் சொல்லுகின்றன. இந்தியச் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 100-க்கு 27 பேர். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்திற்குப் பின், 2022-இல் அது ஏறத்தாழ 20-ஆகக் குறைந்தது. வகுப்புகள் முறையாக நடந்த பின்னர் 2024-இல் மீண்டும் 27-ஐ எட்டியது.

வானொலி கற்பித்த பாடம்

புதிய கருவி வரும் போது எவ்வாறு நடந்து கொள்வது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 1956-ஆம் ஆண்டில், அன்றைய பம்பாய் மாநிலத்தில், அகில இந்திய வானொலியின் பூனா நிலையம் யுனெஸ்கோவின் துணையுடன் ஒரு சோதனை நடத்தியது. சுமார் 150 ஊர்களில் உழவர் குழுக்கள் அமைக்கப் பெற்றன. வாரம் இரு முறை, பத்து வாரங்கள், அரை மணி நேர நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. குழுவினர் கூடியமர்ந்து கேட்டனர். கேட்டு முடிந்ததும் அவ்விஷயத்தைத் தமக்குள் விவாதித்தனர். நம் ஊரில் இதனைச் செய்ய இயலுமா என்று ஆராய்ந்தனர். எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினர். குழு அமைந்த ஊர்களையும், வானொலி மட்டும் இருந்த ஊர்களையும், அதுவும் இல்லாத ஊர்களையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தனர். குழு அமைந்த ஊர்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி மிகச் சொற்பம்.

தமிழ்நாட்டிலும் 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் திருச்சி வானொலி தஞ்சை உழவரிடையே பரப்பியதும், மக்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டதும் முதியோர் அறிந்த செய்தி. ஆனால் அந்நெல் வானொலியில் விளையவில்லை. கேட்டவர் நாற்று விட்டுப் பார்த்தார், அண்டை வயற்காரர் வரப்பில் நின்று கண்டார், இருவரும் பேசினர், மறு பருவத்தில் அவரும் நட்டார். கருவி செய்தியைக் கொணர்ந்தது. அதனைக் கல்வியாக்கியது கூடிப் பேசியதும் கையால் செய்ததுமே.

இன்றைய கைபேசி அன்றைய வானொலியினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆயினும் வானொலியைச் சுற்றி ஊர் கூடி அமர்ந்தது. கைபேசியோ ஒவ்வொரு பிள்ளையையும் தனித் தனி மூலையில் அமர்த்திவிடுகிறது. நாம் ஈடு செய்ய வேண்டிய குறை இதுவே.

சங்கங்கள் செய்யத் தக்கவை

கூட்டுறவு இயக்கத்திற்குக் கல்வி புறம்பான காரியமன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் முதற் கடையைத் திறந்த 28 முன்னோடிகளில் நெசவாளர்களும் இருந்தனர். அவர்கள் சங்கம் வளர்ந்த போது, கடையோடு ஒரு படிப்பகத்தையும் அமைத்து, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். 1995-ஆம் ஆண்டில் வகுக்கப் பெற்ற உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள், ஐந்தாவது கொள்கை கல்வியும் பயிற்சியும் பற்றியதே. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர் ஒருவர் சில பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பிக்கும் முறை எவ்வளவு எளியது என்பதைக் காட்டியுள்ளது.

நம் சங்கங்களுக்குக் கட்டடம் உண்டு. மாலையில் அது வெறுமனே பூட்டிக் கிடக்கிறது. உபவிதிகள் இடந்தரும் அளவில் ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு கரும்பலகை, எல்லோரும் காணத் தக்க ஒரு திரை ஆகியவற்றுக்கு வழி செய்யலாம். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் கல்லூரியில் பயில்வோர் ஒருவர் மேற்பார்வை செய்யலாம். ஒரு மணி நேரம் போதும். அதில் பத்து நிமிடம் பாடப் படத்தைச் சேர்ந்து காண்பது. பின்னர் திரையை அணைத்துவிட்டு, கண்டதைப் பிள்ளைகள் தம் சொற்களில் ஒருவருக்கொருவர் சொல்வது. எஞ்சிய நேரத்தில் ஏட்டைப் பாராமல் எழுதிப் பார்ப்பது அல்லது கையால் செய்து பார்ப்பது. தவறு நேர்ந்தால் அங்கேயே திருத்துவது. பகலில் கைபேசி மலைக்குச் சென்றுவிடும் வீட்டுப் பிள்ளைக்கும், அண்ணனுக்குப் பின் காத்திருக்கும் தங்கைக்கும் அங்கே சமமான இடம் கிடைக்கும்.

வீட்டில் செய்யத் தக்கதும் எளிதே. பெற்றோர் தாம் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை படம் பார்த்து முடித்ததும் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, "இப்போது பார்த்தது என்ன, எனக்குச் சொல்" என்று கேட்டால் போதும். தாய்க்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பாடம் பிள்ளைக்கு விளங்கிய பாடம். சொல்ல இயலாது திகைத்தால், எந்த இடத்தில் திகைத்தது என்பதைப் பிள்ளையே உணர்ந்து கொள்ளும். உறங்கும் வேளையில் கைபேசி பிள்ளையின் படுக்கையருகே இருக்க வேண்டாம். தேர்வு வினாத்தாள் என்றும், உதவித் தொகை என்றும் குழுக்களில் வரும் செய்திகளைப் பள்ளியில் நேரில் விசாரித்த பின்னரே நம்புதல் நன்று.

அங்கத்தினர்களே! நம் பெற்றோர் நமக்குத் தறியையும் நிலத்தையும் கொடுத்ததோடு நிற்கவில்லை. அருகில் அமர்ந்து, நம் கையைப் பிடித்துத் திருத்தி, அவற்றைக் கையாளும் திறனையும் கொடுத்தனர். நாம் நம் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கியும் கைபேசியைக் கொடுக்கிறோம். அதனருகே அமர்வதை மட்டும் மறந்து போகிறோம். கருவிக்குச் செலவிட்ட பணத்தோடு நாள்தோறும் அரை மணி நேரத்தையும் சேர்த்துச் செலவிடுவோமாக. தனி வீட்டால் இயலாததைச் சங்கமாகக் கூடி முடிப்போமாக.